அந்த இரண்டாவது சாய்கோடு

கார்த்தி,

நீ சொன்னதை நான் கேட்கவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நீ கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் மேலே வருவாய். சின்ன வயதிலிருந்தே உன் பழக்கம் அது. "கல்யாணம் முடியட்டும்பா, அப்பறம் ஊர்ல சொல்லிக்கலாம்" என்றாய். போன வியாழக்கிழமை ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், நான் கோபப்படுவேன், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு சாப்பிட்டாயா என்று கேட்பாள், விஷயம் அங்கேயே நின்றுபோகும். அதனால்தான் கடிதம். பத்தாம் வகுப்புப் பரீட்சையையே இரண்டு தடவை எழுதியவன் நான். இதை ஒரே தடவையில் எழுதி முடிக்கப் பார்க்கிறேன். ஒரு நகலை வாய்க்கால் முறைப் பட்டியல் ஒட்டுகிற பலகையிலும் ஒட்டப்போகிறேன். வாயால் சொன்னது எழுத்திலும் இருக்க வேண்டும். இந்த விஷயத்தில் உன் பேரில் பழி எதுவும் இல்லை என்று ஊருக்கும் தெரிய வேண்டும்.

உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணும் இதைப் படிக்கட்டும். அவள் டவுனில் வளர்ந்தவள் என்பதால் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் விளக்கி எழுதுகிறேன். மருமகளே, திருத்துறைப்பூண்டிப் பக்கம் நாங்கள் இருப்பது ஆற்றின் வால் பகுதி. கல்லணையில் கிளம்பிய தண்ணீர் வழியெல்லாம் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, களைத்துப் போய் எங்களிடம் வந்து சேரும். தண்ணீர் குறைகிற வருஷத்தில் முறை வைத்துப் பாய்ச்சுவோம். எங்கள் வாய்க்காலுக்கு ஒரு முறைக்கு மூன்று பகல் மூன்று இரவு, அதாவது எழுபத்திரண்டு மணி நேரம். அதை நம்பி இருப்பது அறுபது மா நிலம். மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர். வாய்க்கால் தொடங்குகிற தலைப்பில் நம்முடைய பத்து மா. அடுத்தது வளைகுடாவில் இருந்து திரும்பி வந்த காதர் பாயின் பதினைந்து மா. மீதி முப்பத்தைந்து மா பதின்மூன்று பேருடையது. ஒரு மா, இரண்டு மா, மிஞ்சிப்போனால் நாலு மா வைத்திருப்பவர்கள். கட்டக் கடைசியில் அஞ்சலை அக்காவின் நாலு மா. யாருக்கு எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டு மடை திறந்து மூடுகிற பொறுப்பு இருபது வருஷமாக உன் மாமனாருடையது. ஊரில் வேறு யாரும் அந்த அளவுக்கு வேலையில்லாமல் இருக்கவில்லை என்பதே காரணம்.

கார்த்தி, நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது லீவுக்கு வந்திருந்தாய். நான் நோட்டுப் புத்தகத்தில் அடித்து அடித்து எழுதுவதைப் பார்த்து, "நவுருங்கப்பா, நான் ப்ரோகிராம் எழுதித் தரேன்" என்றாய். பைத்தான் என்று பேர் சொன்னாய். அது பாம்பின் பேர் என்றதும் உன் அம்மா, "வயல்ல இருக்கறது போதாதா?" என்றாள். எழுபத்திரண்டை ஒவ்வொருவர் மாவாலும் பெருக்கி அறுபதால் வகுக்கிற சின்ன விஷயம்தான். பேரும் மாவும் அந்த எழுத்துக்குள்ளேயே இருக்கும். நான் ஒரு பொத்தானைத் தட்டினால் பட்டியல் வந்து விழும். நமக்குப் பன்னிரண்டு மணி. காதர் பாய்க்குப் பதினெட்டு. நாலு மாக்காரருக்கு நாலு. மூன்று மாவுக்கு மூன்று. எல்லாம் முழு முழு எண், பார்க்க அவ்வளவு லட்சணம்.

அந்தப் பட்டியல் வந்த பிறகு எனக்கு வந்த கம்பீரத்தை நீ பார்த்ததில்லை, பெங்களூருக்குப் போய்விட்டாய். முன்பெல்லாம் முறை வைத்தால் சண்டை வரும், நான் பதில் சொல்ல வேண்டும். பிறகு யார் எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "கம்ப்யூட்டர் சொல்லுது." அதற்கு மேல் யாரும் பேச முடியாது. எனக்கும் அந்தப் பெட்டிக்கும் இருந்த பழக்கம், பண்ணையாருக்கும் கணக்குப்பிள்ளைக்கும் இருந்த பழக்கம் மாதிரி. அது என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. ஆனால் எனக்குச் சாதகமாகத்தான் சொல்கிறது என்று தெரியும். இந்த வாக்கியத்தை எழுதிவிட்டு அடிக்கப் பார்த்தேன். அடிக்கவில்லை.

அஞ்சலை அக்கா மட்டும் விடவில்லை. "நாலு மணி நேரத்துல சனிமூலைக்குத் தண்ணி ஏற மாட்டேங்குதே தம்பி" என்று ஒவ்வொரு முறைக்கும் வந்து நிற்பார். வயலின் வடகிழக்கு மூலையைத்தான் சனிமூலை என்போம். அவருடைய மாமனார் இதே வாய்க்காலில் பண்ணைக்கு மடை கட்டிக்கொண்டிருந்தவர். அக்காவும் அவர் புருஷனும் கூலி வேலை செய்து சேர்த்து, அரை அரை மாவாக வாங்கிய நிலம் அது. "எங்க மாமனாரு மாவுக்கு மூணு நாழிகைன்னு சொல்லுவாருங்க. நாலு மாவுக்குப் பன்னெண்டு நாழிகை பாயணுமே" என்பார். "அக்கா, நாழிகையெல்லாம் இப்ப யாரு பாக்குறா? கம்ப்யூட்டர்ல நாழிகை கிடையாது" என்பேன். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஒரு மார்கழியில் அவருடைய வயலின் கீழ்க்கோடி கதிர் வந்த நேரத்தில் காய்ந்துபோயிற்று. அறுப்பு முடிந்து ஒரு பிடிக் கதிரோடு நம் வீட்டுக்கு வந்தார். உள்ளங்கையில் கசக்கி ஊதிக் காட்டினார். ஒரு மணிகூட நிற்கவில்லை, அத்தனையும் பதர். நான் பட்டியலை எடுத்து நீட்டி, "கம்ப்யூட்டர் ஓரவஞ்சனை பண்ணுமாக்கா?" என்று கேட்டேன். அக்கா பட்டியலைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து, "கம்ப்யூட்டர் பண்ணாதுங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பதில் எனக்கு அன்றைக்கே புரிந்தது. புரியாத மாதிரி சாப்பிட உட்கார்ந்தேன்.

நம் வயல் இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடக் காயவில்லை. அதை என் கைராசி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷம் அந்தப் பழைய பெட்டிக்குள் பல்லி புகுந்து, தானும் செத்து பெட்டியையும் சாகடித்தது. ரிப்பேர் கடைக்காரர் திறந்து பார்த்து, "சார், பல்லியை மட்டும்தான் எடுத்துத் தர முடியும்" என்றார். நீ உன் லேப்டாப்பை அனுப்பினாய், எல்லாம் புதுசு போட்டிருக்கிறேன் என்று. நல்ல வேளை, அந்த ப்ரோகிராம் எழுத்து பென்டிரைவில் இருந்தது. மழை ஏமாற்றி மார்கழி முறை வைக்க வேண்டி வந்தபோது, நீ வேலையில் இருப்பாய் என்று நானே உட்கார்ந்தேன். தட்டினேன். சிவப்பில் நாலு வரி வந்தது. வழக்கமாக சிவப்பைப் பார்த்தால் நான் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விடுவேன். அன்றைக்கு, இந்த வயதில் ஒரு லேப்டாப்புக்குப் பயப்படுவதா என்று வைராக்கியமாக உட்கார்ந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். பிரிண்ட் என்ற சொல்லுக்குப் பிறகு அடைப்புக்குறி இல்லையாம். அதோடு நிற்காமல், நீங்கள் சொல்ல வந்தது இப்படியா என்று கேட்டு, எப்படி இருக்க வேண்டும் என்றும் போட்டுக் காட்டியது.

உனக்குப் போன் செய்ததும் நீ சொன்னாய், "பைத்தானோட பழைய வெர்ஷன்ல தப்புன்னு மொட்டையா சொல்லிட்டு நின்னுரும்பா. இப்ப புதுசு புதுசா மாத்திக்கிட்டே வராங்க. எந்த இடம்னு கோடு போட்டுக் காட்டும், இதைச் சொல்ல வந்தீங்களான்னு கேக்கும்." நான் அசந்துபோனேன். அந்தப் பிரிண்ட் ஒன்பது இடத்தில் இருந்தது. ஒன்பது தடவை தப்புச் செய்தேன், ஒன்பது தடவையும் அது அலுக்காமல் கேட்டது. என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இவ்வளவு பொறுமையாக இருந்ததில்லை. உன் அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அதையே கட்டிக்கிட்டிருக்கலாமே" என்றாள்.

கல்யாணம் ஆகப் போகிறவன் என்பதால் இங்கே ஒன்று சொல்கிறேன். உன் அம்மாவிடம் முப்பது வருஷமாக நான் "சரியில்லை" என்ற ஒரு சொல்லை வைத்துக் குடும்பம் நடத்தியிருக்கிறேன். குழம்பு சரியில்லை. பேச்சு சரியில்லை. உன் தங்கச்சி வளர்ப்பு சரியில்லை. எது, எந்த இடத்தில் என்று ஒரு நாளும் சொன்னதில்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது. உன்னிடமும் அப்படித்தான். ஆறாம் வகுப்பில் நீ கணக்கு நோட்டைக் கொண்டுவந்து காட்டினாய். "தப்பு" என்று தலையில் தட்டி அனுப்பினேன். எந்த வரியில் தப்பு என்று கேட்டாய். இன்னொரு தட்டு தட்டினேன். அந்தக் கணக்கு எனக்குப் போடத் தெரியாது என்பதை இன்றைக்கு ஒப்புக்கொள்கிறேன். உன் வீட்டில் அந்தப் பெண் ஒன்று சொல்லி உனக்கு அது பிடிக்கவில்லை என்றால், இதையா சொல்ல வந்தாய் என்று கேட்டுவிட்டுப் பிறகு கோபப்படு. பாதி கோபம் கேள்வியிலேயே போய்விடும். நான் இப்போது முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். உன் அம்மாவுக்குச் சந்தேகமாக இருக்கிறது, டாக்டரிடம் காட்டலாமா என்கிறாள்.

ஒன்பது அடைப்புக்குறியும் போட்டு முடித்ததும் பட்டியல் வந்தது. ஆனால் வேறு மாதிரி வந்தது. நமக்குப் பன்னிரண்டு என்று இருந்தது பன்னிரண்டு புள்ளி பூஜ்யம். நாலு மாக்காரருக்கு நாலு புள்ளி எட்டு. மூன்று மாவுக்கு மூன்று புள்ளி ஆறு. நான் என்ன செய்தேன் தெரியுமா? நாலு மணி எட்டு நிமிஷம் என்று பேப்பரில் எழுதிக்கொண்டேன். சந்தேகம் வந்து எல்லாவற்றையும் கூட்டினேன். அறுபத்தாறு மணியும் பத்து நிமிஷமும் வந்தது. எழுபத்திரண்டு வரவில்லை. மறுபடி உனக்குப் போன். "புள்ளி எட்டுன்னா எட்டு நிமிஷம் இல்லப்பா, ஒரு மணி நேரத்தைப் பத்தாப் பிரிச்சா அதுல எட்டுப் பங்கு. நாப்பத்தெட்டு நிமிஷம்" என்று சொல்லிச் சிரித்தாய். திருத்திக் கூட்டினேன். எழுபத்திரண்டு. ஒரு நிமிஷம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

நாலு மணி நாற்பத்தெட்டு நிமிஷம். ஒரு நாழிகைக்கு இருபத்திநாலு நிமிஷம் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார். பன்னிரண்டு நாழிகை. அஞ்சலை அக்காவின் மாமனார் பள்ளிக்கூடம் பக்கம் போனவர் இல்லை. பெரிய பெரிய இடத்தில் உட்கார்ந்து உலகத்துக்கெல்லாம் எழுதுகிறவர்கள் புதுப் பதிப்பில் திருத்திக் கொண்டுவந்த விடையை அவர் வாயால் சொல்லி வைத்திருந்தார். நடுவில் படித்தவன் நான் ஒருத்தன்தான் வெட்டிவிட்டேன்.

போனை வைக்கும் முன்னால் நீ, "புள்ளி வேணாம்னா விடுங்கப்பா. வகுக்கற எடத்துல ஒரு சாய்கோடு இருக்கு பாருங்க, பக்கத்துல இன்னொண்ணு போடுங்க. புதுசுல ஒரு கோடுன்னா மிச்சத்தோட வகுக்கும், ரெண்டு கோடுன்னா மிச்சத்தை வெட்டிரும். பழைய மாதிரியே வந்துரும்" என்றாய். போனை வைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன். வந்தது. நாலு, மூன்று, இரண்டு, ஒன்று. பழைய லட்சணம். கோட்டை அழித்தேன், நாலு புள்ளி எட்டு. போட்டேன், நாலு. மடைப் பலகையை ஏற்றி இறக்குகிற மாதிரி பத்துத் தடவை செய்திருப்பேன். ஒரு கோடு, நகத்தளவுகூட இல்லை. அதைப் போட்டுவிட்டால் ஊரில் யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. பழைய பட்டியலை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கூட்டினேன் என்று ஊரில் சொன்னால் நம்புவார்கள். அறுபத்தைந்து. ஒரு முறைக்கு ஏழு மணி நேரம் காணோம். காணாமல் போனது நம்முடையதிலும் இல்லை, காதர் பாயுடையதிலும் இல்லை. அத்தனையும் அந்தப் பதின்மூன்று பேருடையது.

சாயங்காலம் உன்னை மறுபடி கூப்பிட்டு ஏழு மணி நேரத்தைச் சொன்னேன். நீ, "என் தப்புப்பா. அப்ப காலேஜ்ல பழைய வெர்ஷன்தான். முழு எண்ணை முழு எண்ணால வகுத்தா மிச்சத்தை வெட்டிரும்னு எனக்கு உறைக்கல" என்றாய். அதற்கப்புறம்தான் கல்யாணம் முடியட்டும் என்றாய். பத்திரிகை வைக்கப் போகிற நேரத்தில் வீட்டு மானம் போகுமே என்று நீ நினைத்தது எனக்குப் புரிகிறது. ஆனால் "என் தப்பு" என்றாயே, அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான் இத்தனை பக்கம் எழுதுகிறேன்.

உனக்கு உறைத்தது, கார்த்தி. நீ மறந்துவிட்டாய், எனக்கு மறக்கவில்லை. ப்ரோகிராமை எழுதி முடித்த அன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீ பேப்பரோடு வந்து நின்றாய். "அப்பா, எல்லாத்தையும் கூட்டினா அறுபத்தஞ்சுதான் வருது. ஏழு மணி நேரம் எங்க போச்சு?" என்று கேட்டாய். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "தலைப்புலேருந்து கடைசி வரைக்கும் தண்ணி நடந்து போவ நேரம் வேணாமா? அது நடைக்குப் போவும். வயலைப் பத்தி ஒனக்கு என்னடா தெரியும்?" என்றேன். நீ முகம் சிறுத்துப் போய் உள்ளே போனாய். நடைக்கு ஒரு மணி நேரம் போதும். அதுவும் முறை தொடங்குவதற்கு முன்னாலேயே நடந்து முடிந்துவிடும். அது எனக்குத் தெரியும். ஏழு மணி நேரமும் தலைப்பு மடை திறந்திருக்கும், தலைப்பு மடை நம்முடையது என்பதும் தெரியும். நான் யாரிடமும் கேட்டு எடுக்கவில்லை, மூடாமல் விட்டேன், அவ்வளவுதான். அந்த அவ்வளவுதானுக்குள் அஞ்சலை அக்காவின் பதர் இருக்கிறது. பாம்பு பேர் வைத்த அந்தப் பழைய பதிப்பு மிச்சத்தை வெட்டியது. வெட்டிய மிச்சம் எங்கே போகிறது என்று கேட்ட ஒரே ஆளின் வாயை அடைத்தது நான். உன்மேல் ஒரு தப்பும் இல்லை.

வியாழக்கிழமை காலையில் கூட்டுறவுச் சங்கக் கட்டடத்து வாசலில் பதினான்கு பேரையும் உட்கார வைத்து இரண்டு பட்டியலையும் வாசித்தேன். பழையது ஒரு கையில், புதியது ஒரு கையில். மணியைக் கூட்டிக் காட்டினேன். ஏழு மணி நேரம் எங்கே பாய்ந்தது என்றும் சொன்னேன். காதர் பாய்தான் ஆரம்பித்தார்.

"எனக்கு அன்னைக்கும் பதினெட்டு, இன்னைக்கும் பதினெட்டு. என்னைய ஏன் கூப்ட்டீங்கன்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். சாட்சிக்குத்தானா?"

மூன்று மாக்காரர் கோவிந்தராஜு என்னைப் பார்க்காமல் காதர் பாயைப் பார்த்துச் சொன்னார். "அந்த வயலு ஏன் அப்புடித் தளதளன்னு நிக்குதுன்னு கேட்டா, கைராசின்னாரு பாய். கையி மட்டும் இல்ல, வாயும் ராசிதான்."

"பேசுங்க" என்றேன். "பேசறதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"பேசி என்ன பண்றது? இனிமே முறைய வேற ஆளு பாக்கட்டும்" என்றார் அவர். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். அதற்கும் தயாராகத்தான் போயிருந்தேன். சட்டைப் பையில் மடைப் பலகையின் பூட்டுச் சாவி இருந்தது. எடுத்துத் தரையில் வைத்தேன்.

அப்போது அஞ்சலை அக்கா கேட்டார். சத்தமாகக் கேட்கவில்லை. "அந்த வருசம் பதராப் போச்சே தம்பி. அதை எந்தப் பொத்தானைத் தட்டி எடுப்பீங்க?"

உள்ளதைச் சொன்னேன். "அதுக்கு வழியில்லக்கா. என்னால ஆனது ஒண்ணுதான். இந்த சம்பா அறுப்பு வரைக்கும் எனக்கு வர்ற பன்னெண்டுல ஏழ விட்டுடறேன். கீழ எங்க காயுதோ அங்க பாயட்டும். எனக்கு அஞ்சு போதும்."

"அஞ்சுல பத்து மா பாயாதுங்க" என்றார் காதர் பாய்.

"நாலுல நாலு மா பாயும்னு இத்தனை வருஷம் நான் சொல்லலையா?" என்றேன்.

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. கடைசியில் அவர்களாகவே பேசி முடிவு செய்தார்கள். மடை திறப்பது நானே. பட்டியலை ஒவ்வொரு முறையும் கோவிந்தராஜு எல்லோர் முன்னாலும் வாசிக்க வேண்டும், கடைசியில் மொத்தம் எழுபத்திரண்டு வருகிறதா என்று கூட்டிச் சொல்ல வேண்டும். சாவியைக் காதர் பாய் எடுத்து என் கையில் கொடுத்தார். யாரும் என்னைத் தேற்றவில்லை. தேற்றியிருந்தால் எனக்குச் சங்கடமாக இருந்திருக்கும்.

உன் அம்மா வீட்டில் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "கல்யாணச் சாப்பாட்டுக்கு நம்ம வயல் அரிசின்னு சம்பந்தி வீட்டுல பெருமையாச் சொல்லிட்டு வந்தேனே" என்றாள். கடையில் வாங்குவோம் என்றேன். கேட்டால் என்ன சொல்வது என்றாள். நடந்ததைச் சொல்வது என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "இதையாவது மொட்டையா சொல்லாம, எந்த எடத்துல தப்புன்னு சேத்துச் சொல்லுங்க" என்றாள். ஆகவே அரிசி கடை அரிசிதான். நம் பத்து மாவில் மேட்டுப் பக்கம் இரண்டு மா இப்போதே நுனி கருகத் தொடங்கியிருக்கிறது. காலையும் மாலையும் போய்ப் பார்க்கிறேன். பார்க்கக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஏழு மணி நேரத்தைத் திருப்பி எடுக்க மாட்டேன். நீ வந்து பார்க்கும்போது மனசு கேட்காமல் எதையாவது சொல்வாய் என்பதால் இப்போதே எழுதி வைக்கிறேன்.

நேற்று அஞ்சலை அக்காவின் முறை. காலை ஏழு மணிக்கு அவர் மடையைத் திறந்தேன். பதினொன்று ஆனதும் அக்கா வழக்கம்போல மண்வெட்டியோடு மடைக்கு வந்துவிட்டார். கேட்காமலே மண்ணை இழுத்துப் போட ஆரம்பித்தார். இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகப் போகிறது.

"என்னக்கா பண்றீங்க?"

"நேரமாச்சுல்ல?"

"இல்ல. இன்னும் நாப்பத்தெட்டு நிமிஷம் இருக்கு."

அக்கா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். பிறகு வரப்பில் உட்கார்ந்தார். நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். தண்ணீர் பயிருக்குள் போகிற சத்தம் மட்டும்தான். சனிமூலையில் தரை வெடித்துக் கிடந்தது. தண்ணீர் ஒவ்வொரு வெடிப்பாக இறங்கி, நிறைந்து, அடுத்ததற்குப் போனது. நாற்பத்தெட்டு நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று சும்மா உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. ஒரு தடவை நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், பாதிகூட ஆகியிருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் இவ்வளவு. எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை, எண்ண எனக்குத் தைரியம் இல்லை.

கடைசி மூலையில் வரப்பைத் தொட்டுத் தண்ணீர் நின்றது. அக்கா எழுந்து மடையை அடைத்தார். மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "மவனுக்குக் கல்யாணமாமே" என்றார்.

"ஆமாக்கா. மாசியில."

"பத்திரிகையத் தலைப்புலேருந்து வச்சுக்கிட்டு வந்து எனக்குக் கட்டக் கடைசியா வக்கலாம்னு இருக்கியா? அதுலயும் நான்தான் கடைமடையா?"

கார்த்தி, பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது, மஞ்சள் தடவி வைத்திருக்கிறாள் உன் அம்மா. நீ சனிக்கிழமை வந்ததும் குலதெய்வத்துக்கு ஒன்று வைத்துவிட்டு, நேராகக் கீழே போகிறோம். அஞ்சலை அக்கா வீட்டில் தொடங்கி, ஒரு மா, இரண்டு மா, மூன்று மா என்று வீடு விடாமல் மேலே ஏறி வருகிறோம். காதர் பாயிடம் சொல்லிவிட்டேன், அவருக்குக் கடைசிக்கு முந்தினது. கடைசிப் பத்திரிகை உன் தாய்மாமனுக்கு; கோபித்துக்கொள்வார், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். அக்கா வீட்டு வாசலில் நீ எனக்கு ஒரு அடி பின்னால் நில். தட்டை நான் நீட்டுகிறேன். அவர் வாங்கிக்கொண்ட பிறகு நீ முன்னால் வந்து காலில் விழு.

லேப்டாப்பை நீ திறந்தால் அந்த வகுத்தல் வரியைப் பார்ப்பாய். ஒரு கோடுதான் இருக்கும். அதை ஒன்றும் செய்யாதே. அதற்குக் கீழே நான் ஒரு வரி சேர்த்திருக்கிறேன், எல்லோர் மணியையும் கூட்டி மொத்தம் எவ்வளவு என்று காட்டுகிற வரி. மூன்று நாள் ஆயிற்று, இருபது தடவை சிவப்பு வந்தது, இருபது தடவையும் இதையா சொல்ல வந்தீர்கள் என்று கேட்டது. கடைசியில், ஆமாம், இதைத்தான் சொல்ல வந்தேன்.

உன் அப்பா